எந்தப் பால்மா நல்லது, நானா?

1

போன வாரம் ஒரு மழைநாளில், கம்பளியைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். அரிசி கேட்கவில்லை, மண்ணெண்ணெய் கேட்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த மேல்தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“என்னப்பா வேணும்?” என்றேன்.

“புள்ளைக்குப் பால்மா வேணுங்க நானா. பொறந்து ஒரு மாசங்கூட ஆகல. வீட்டுக்காரிக்குக் காய்ச்சல், பால் இல்ல. நாங்க குடுக்கிறத எல்லாம் கக்குது. வயித்துல காத்து நின்னுக்கிட்டு ஓயாம அழுகுது. எந்தப் பால்மா நல்லது நானா?”

மேல்தட்டு காலியாக இருந்தது. வெளிநாட்டுச் சாமான்களுக்குக் கட்டுப்பாடு வந்த பிறகு குழந்தைப் பால்மா கொழும்பிலேயே தட்டுப்பாடு. எங்கள் மலைக்கு எப்போதாவது ஒரு பெட்டி வந்தால் உண்டு. கீழ்த்தட்டில் டின்பால் மட்டும் இருந்தது. சீனி போட்டு இறுக்கிக் காய்ச்சிய அந்தப் பாலைப் பிறந்த குழந்தைக்குக் கொடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. “புள்ளையத் தூக்கிக்கிட்டு நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் போ. கடையில நிக்காத” என்றேன். அங்கே என்ன கேட்க வேண்டும், எப்படிக் கேட்க வேண்டும் என்று இரண்டு மூன்று சிங்களச் சொற்களைச் சொல்லிக் கொடுத்து, திருப்பிச் சொல்லவும் வைத்தேன். அவன் உதட்டுக்குள் அவற்றை முணுமுணுத்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனான்.

அதன் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. இதே கேள்வியை ஒரு காலத்தில் ஒரே வாரத்தில் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள். ஒருவன் இந்தக் கடை வாசலில் நின்று கேட்டான். இன்னொருவர் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார். அதைப் பற்றித்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதத் தோன்றியது.

நீங்கள் பால் பவுடர் என்று சொல்வதை இங்கே பால்மா என்கிறோம். புட்டி இங்கே போத்தல். முஸ்லிம் கடைக்காரன் யாராக இருந்தாலும் அவன் ‘நானா’. பதினாறு வருஷமாக உடப்புசல்லாவைக் கடைத்தெருவில் வியாபாரம் செய்கிறேன். என் சொந்தப் பெயர் இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது.

2

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் என்னுடையது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்த மறுவருஷம் தாய்மாமன் கடைக்கு உதவியாக வந்தேன். இப்போது புயல் அடித்துக்கொண்டு போய்விட்ட தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, ரயிலும் பஸ்ஸுமாக மலையேறினேன். கடலில் வளர்ந்தவனுக்கு இந்தக் குளிர் முதலில் பிடிபடவில்லை. காலையில் பூட்டைத் திறக்கும்போது விரல் மரத்துப் போகும். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். அங்கே வேலை செய்பவர்கள் எல்லாம் திருச்சி, சேலம், புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள். அவர்களுக்கும் எனக்கும் பேச்சு ஒத்துப்போனதால் கடை எனக்குச் சீக்கிரம் பழகிவிட்டது. மாமா உடம்புக்கு முடியாமல் ஊருக்குப் போனபோது கடையை என் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனார்.

ஊருக்கு வந்து சுபைதாவைக் கல்யாணம் செய்துகொண்டு சில மாதம் இருந்தேன். திரும்பி வந்த பிறகுதான் அவள் உண்டாகியிருக்கும் செய்தி வந்தது. பிரசவத்துக்குப் போய்விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் எங்களைப் போன்றவர்கள் இங்கே இருப்பதற்கு டி.ஆர்.பி. என்று ஒரு தற்காலிக அனுமதி வேண்டும். அதைப் புதுப்பிக்கக் கொழும்புக்கு அனுப்பியிருந்த நேரம் அது. அனுமதி கைக்கு வராமல் நாட்டை விட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. கடையை விட்டுவிட்டு வருவதற்கும் வழியில்லை.

கொழும்பு ஆபீசுக்கே நேரில் போய்க் கேட்டுப் பார்த்தேன். பெரிய அதிகாரி ஆங்கிலத்தில் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் சிங்களத்தில் சொன்னார். நான் தமிழில் யோசித்து, கடைச் சிங்களத்தில் பதில் சொன்னேன். மனைவிக்குப் பிரசவம் என்றேன். அதிகாரி நல்ல மனுஷர்தான், சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார். பக்கத்தில் இருந்தவர் மொழிபெயர்த்தார். “பிரசவம் மனைவிக்குத்தானே? நீ போய் அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று துரை கேட்கிறார்.”

அவருக்கும் சலாம் சொன்னேன், துரைக்கும் சொன்னேன். அன்றைக்கே மலைக்கு ரயிலேறினேன்.

பெண் குழந்தை, இருவரும் நலம் என்று தந்தி வந்தது. கடைத்தெருவில் இருந்தவர்களுக்கெல்லாம் கற்கண்டு கொடுத்தேன். அது வந்து கொஞ்ச நாளில் சுபைதாவின் கடிதம். அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றிவிட்டதாம். பிள்ளைக்குக் கொடுக்கிற பால் எல்லாம் வெளியே வந்துவிடுகிறதாம். வயிறு கல்லு மாதிரி இருக்கிறதாம், காலை மடக்கி மடக்கி அழுகிறதாம். “உங்கள் கடையில் எல்லா டின்னும் இருக்குமே, எது நல்லது என்று பார்த்து எழுதுங்கள், யாராவது வந்தால் கொடுத்தும் அனுப்புங்கள்” என்று எழுதியிருந்தாள்.

தட்டில் அப்போது டின்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஆங்கிலம். எழுத்துக்கூட்டிப் படித்தாலும் அர்த்தம் விளங்கவில்லை. அவ்வளவு நாளும் அவற்றை விற்றுக்கொண்டுதான் இருந்தேன்.

3

அந்த வாரமே கதிர்வேலு வந்தான். மேலே ஒரு தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவன், தலைச்சன் பிள்ளைக்குத் தகப்பனாகியிருந்தான். கூட அவன் அக்கா அங்கம்மா, பிள்ளையைச் சேலைத் தலைப்புக்குள் மூடி வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புருஷன் இல்லை, பிள்ளையும் இல்லை. தம்பி வீட்டோடு இருந்தாள். கதிர்வேலுவின் மனைவி செல்லாயி பிரசவமான சில நாளிலேயே கடுங்காய்ச்சலில் விழுந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் இருந்தாள். தொற்றுகிற காய்ச்சல் என்று பிள்ளையை அவள் பக்கத்தில் விடவில்லை.

“தோட்டத்து மருந்துக்காரர் ஐயா டின்பால் குடுக்காத, பால்மா வாங்குன்னுட்டாரு நானா” என்றான் கதிர்வேலு. “குடிக்கிறதும் தெரியல, கக்குறதும் தெரியல. எந்தப் பால்மா நல்லது?”

சுபைதா எழுதிய அதே வார்த்தைகளை அவன் வாயிலிருந்து கேட்டபோது எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. தெரியாது என்று சொல்லிவிட்டு டின்களை இறக்கிப் பலகையில் வைத்தேன். அவனுக்கும் படிக்க வராது. எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். டின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்தான். ஒன்றில் கன்னம் தொங்கும் கொழுத்த வெள்ளைக்காரக் குழந்தை, இன்னொன்றில் பசு மாடு, மூன்றாவதில் படமே இல்லை.

“இந்தப் புள்ள நல்லா இருக்கு” என்றாள் அங்கம்மா. கொழுத்த குழந்தையைத்தான் சொன்னாள். அவள் கையில் இருந்த பிள்ளை என் முழங்கை நீளம்தான் இருக்கும். முகம் சுருங்கி, சிவந்து, அழுது அழுது குரல் கம்மிப் போயிருந்தது. இரண்டு பக்கமும் வாய் இருக்கிற படகுப் போத்தல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சில நாளில் கதிர்வேலு மறுபடி வந்தான். பால் கெட்டியாக இருந்தால் பிள்ளை தேறும் என்று கரண்டியில் குவித்துக் குவித்துப் போட்டிருக்கிறார்கள். கக்கல் இன்னும் அதிகமாயிற்று. செல்லாயியைப் பார்க்கப் போனபோது அங்கே ஒரு மிஸ்ஸியிடம் கேட்டானாம். நர்ஸ்மாரை இங்கே மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். “அவங்க சிங்களத்துல வெளக்கமாச் சொன்னாங்க நானா. எனக்குப் புரிஞ்சிருச்சு. இனிமே சரியாயிரும்” என்று தைரியமாகச் சொன்னான். போகும்போது கித்துள் மரத்துக் கருப்பட்டியும் வாங்கிப் போனான். தோட்டத்து லயன் வீடுகளில் தேத்தண்ணிக்குக் கருப்பட்டி கடிப்பது வழக்கம்தானே, நான் ஒன்றும் கேட்கவில்லை.

சரியாகவில்லை. அடுத்த தடவை அங்கம்மா மட்டும் வந்தாள். வந்தவள் கடைப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“நானா, புள்ள தங்காது போல இருக்கு. வயிறு பானையாட்டம் ஊதிக்கிச்சு. கண்ண மூடிக்கிட்டே கெடக்கு. காலையில பெரட்டுக்குப் போகாட்டிப் பேர வெட்டிருவாங்க. போனா புள்ளக்காம்பராவுல விடணும், அங்க இருக்க ஆயா இந்தப் புள்ளைய நான் ஏத்துக்க மாட்டேன், என் கையில செத்துருமோன்னு பயமா இருக்குங்குது.”

பெரட்டு என்றால் காலையில் ஆளெண்ணி வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். பிள்ளைக்காம்பரா, வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப் போகிற அறை. அங்கம்மா அழவில்லை. அழுதிருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பேன். மறுநாள் சாமான் எடுக்க நான் நுவரெலியாவுக்குப் போக வேண்டியிருந்தது. “தம்பியக் கூட்டிக்கிட்டுப் புள்ளையோட காலை பஸ்ஸுக்கு வந்துரு. நானும் வர்றேன்” என்றேன்.

4

பஸ்ஸில் பிள்ளை ஒரு சத்தமும் காட்டவில்லை. அதுதான் எங்கள் மூன்று பேருக்கும் பயமாக இருந்தது. வளைவுக்கு வளைவு அங்கம்மா அதன் மூக்கின் அருகே விரலை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் செல்லாயி இருந்த தொற்றுக் காய்ச்சல் வார்டுக்குள் பிள்ளையை விடவில்லை. வராந்தாவில் நின்றோம். கதிர்வேலு உள்ளே போய் அந்த மிஸ்ஸியையே அழைத்து வந்தான். சின்ன வயசு, சிங்களப் பெண். பிள்ளையின் வயிற்றைத் தட்டிப் பார்த்தாள். கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள். பிறகு போத்தலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள். பால் மங்கலான செம்மண் நிறத்தில் இருந்தது.

“இதில் என்ன கலந்திருக்கிறார்கள்?” என்று சிங்களத்தில் கேட்டாள். நான் கதிர்வேலுவிடம் கேட்டேன்.

“பாகு நானா.”

“பாகா?”

“இவங்கதானே சொன்னாங்க! ‘பாகு தான், பாகு தான்’னு ரெண்டு தடவ சொன்னாங்களே. கருப்பட்டியக் காச்சிப் பாகெடுத்துத்தான் ஊத்துறோம்.”

நான் மிஸ்ஸியிடம் போன தடவை என்ன சொன்னாள் என்று கேட்டேன். அவள் சொன்னாள்: “பிட்டி பாகயக் தான்ன.”

பிட்டி என்றால் மாவு. பாகயக் என்றால் பாதி. தான்ன என்றால் போடு. மாவைப் பாதியாகப் போடு என்று அவள் சொன்னது கதிர்வேலுவின் காதில் ‘பாகு தான்’ என்று விழுந்திருக்கிறது. தோட்டத்தை விட்டு அதிகம் வெளியே வராதவனுக்குச் சிங்களம் எங்கே தெரியும்? அவளுக்குத்தான் தமிழ் எங்கே தெரியும்?

நான் விஷயத்தைச் சொன்னதும் மிஸ்ஸிக்கு முதலில் சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த நொடியே பிள்ளையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

அங்கம்மா தம்பி மேல் பாய்ந்தாள். “நான் அன்னிக்கே கேட்டேனேடா! பச்சப் புள்ளைக்குப் பாகா குடுப்பாங்க, இன்னொரு தடவ கேட்டுட்டு வாடான்னேனே!”

“ரெண்டாந்தடவ கேட்டா மட்டும் எனக்கு வெளங்கிருமாக்கா?” என்றான் கதிர்வேலு.  வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றான். இருபது வயதைக் கொஞ்சம் தாண்டியவன், அவ்வளவுதான்.

மிஸ்ஸி உள்ளே போய் டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தாள். இந்த முறை என்னிடம் சொன்னாள், நான் ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். கொழுத்த குழந்தைப் படம் போட்ட டின் முழு ஆடையுள்ள பாலில் செய்தது. பிறந்த குழந்தையின் வயிறு அதைத் தாங்காது. ஆடையில் பாதியை எடுத்துவிட்டுச் செய்கிற மா ஒன்று இருக்கிறது, அதைத்தான் கொடுக்க வேண்டும். கரண்டியில் குவிக்கக் கூடாது, கத்தியின் முதுகால் வழித்துவிட வேண்டும். கொதித்து ஆறிய தண்ணீர். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. பிறகு போத்தல் வாயில் இருந்த ரப்பர் சூப்பியை உருவிப் பார்த்தாள். பால் சீக்கிரம் வரட்டும் என்று கதிர்வேலு ஊசியைச் சுட்டு ஓட்டையைப் பெரிதாக்கியிருந்தான். அதனால் பிள்ளை பாலோடு காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

ஆடை பாதி எடுத்த மா எது என்று கேட்டேன். அவள் டின்னின் அடையாளத்தைச் சொன்னாள். என் கடையில் மூன்றாவதாக இருந்த, படமே இல்லாத டின்தான் அது. யாரும் விரும்பி வாங்காமல் தூசி படிந்து கிடந்தது.

புதுச் சூப்பி போட்டு, ஆஸ்பத்திரியில் இருந்த அந்த மாவையே கலக்கிக் கொஞ்சம் கொடுத்தாள். குடித்து முடித்ததும் பிள்ளையை நிமிர்த்தித் தோளில் போட்டு முதுகைத் தடவ வேண்டும், ஏப்பம் வரும்வரை படுக்க வைக்கக் கூடாது என்றாள். சொன்னது நேராகப் புரிந்தது எனக்கு மட்டும்தான். அதனால் பிள்ளையை எடுத்து என் தோளில் போட்டுவிட்டாள்.

அதற்கு முன் பச்சைக் குழந்தை எதையும் நான் தூக்கியதில்லை. கழுத்து நிற்காத அந்தத் தலை என் காதோடு வந்து சாய்ந்தது. எவ்வளவு அழுத்துவது என்று தெரியாமல் கையைச் சும்மா வைத்திருந்தேன். மிஸ்ஸி என் கையைப் பிடித்து, கீழிருந்து மேலே, கீழிருந்து மேலே என்று இழுத்துக் காட்டினாள். அப்படியே தடவிக்கொண்டு வராந்தாவில் மெல்ல நடந்தேன். அந்தச் சின்ன உடம்பு திடீரென்று விறைத்தது. பெரிய மனுஷன் மாதிரி ஓர் ஏப்பம். கூடவே கொஞ்சம் பால் என் சட்டை முதுகில் வழிந்தது. உடம்பு தளர்ந்து, பிள்ளை என் தோளிலேயே தூங்கிவிட்டது.

“வந்திருச்சு! காத்து வந்திருச்சு நானா!” என்று அங்கம்மா கையைத் தட்டினாள். அப்போதுதான் அவள் அழுதாள்.

பிள்ளையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அது அசையாமல் தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று சொல்லிக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் நடந்தேன். நீ போய் அங்கே என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டாரே அந்த அதிகாரி, இதைத்தான் செய்திருப்பேன் துரை என்று அவரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது.

5

என் பிள்ளைக்கும் இதே தொந்தரவு என்று மிஸ்ஸியிடம் சொன்னேன். எங்கே பிள்ளை என்று கேட்டாள். இந்தியாவில் என்றேன். என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, அதற்கும் இதேதான், ஆனால் ஒரு டாக்டர் நேரில் பார்ப்பது நல்லது என்றாள்.

அன்றே எல்லாவற்றையும் விவரமாக எழுதினேன். கரண்டியை வழிப்பது, சூப்பியின் ஓட்டை, தோளில் போட்டுத் தடவும் முறை எல்லாம். ஊருக்குப் போகிற ஒருவரிடம் படமில்லாத டின் ஒன்றையும் கொடுத்தனுப்பினேன். அவர் வழியில் ராமநாதபுரத்தில் தங்கை வீட்டுக் கல்யாணத்துக்கு நின்றுவிட்டார்.

சுபைதாவின் பதில் வந்தபோது, பிள்ளைக்கு மருத்துவச்சி சொன்னபடி ஆட்டுப்பாலில் தண்ணீர் சேர்த்துக் கொடுத்து அது ஒத்துக்கொண்டுவிட்டது, இப்போது கக்குவதில்லை, சளிதான் தொந்தரவு என்று இருந்தது. டின் அதற்கும் பிறகுதான் போய்ச் சேர்ந்தது. அதைத் திறக்கவே இல்லை. நான் சளிக்கு மருந்து விசாரித்து எழுதியபோது அங்கே பல் முளைத்துக்கொண்டிருந்தது. பல்லைப் பற்றி நான் எழுதியது போய்ச் சேர்ந்தபோது மரியம் சுவரைப் பிடித்து நிற்கப் பழகியிருந்தாள். என் மகளுக்கு மரியம் என்று பெயர் வைத்ததும் எனக்குக் கடிதத்தில்தான் தெரியும்.

இங்கே கதிர்வேலுவின் மகனோ என் கண்ணுக்கு முன்னால் தேறினான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கம்மா அவனைக் கடைக்குத் தூக்கி வருவாள். “நானா தோளுக்குப் போடா, அங்கதான் ஒனக்கு ஏப்பம் வரும்” என்று என்னிடம் நீட்டுவாள். அரிசி வாங்க வந்தவர்கள் காத்திருப்பார்கள். கணக்கு எழுதுகிற நேரம் அது. ஆனாலும் வாங்கிக்கொள்வேன். கன்னத்தில் சதை பிடித்தது. என் தாடியைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தான்.

6

செல்லாயி எழுந்து வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. முடி கொட்டி, பாதியாக இளைத்து வந்தாள். பால் முழுவதும் வற்றிவிட்டது. அவள் கையை நீட்டியபோது பிள்ளை முகத்தைத் திருப்பி அங்கம்மாவின் தோளில் புதைத்துக்கொண்டானாம். அங்கம்மாதான் கடையில் இதைச் சொன்னாள். சொல்லும்போது அவளுக்குள் பெருமையும் இருந்தது, சங்கடமும் இருந்தது.

“பாவம் நானா, பெத்தவ பாத்துக்கிட்டே நிக்கிறா. நான் என்னத்தப் பண்ணுறது? அவளே போத்தலப் புடிக்கட்டும்னு குடுத்துட்டு நான் வெளிய போயிர்றேன். அழுகச் சத்தம் கேக்கும். காதப் பொத்திக்கிட்டு வாய்க்கால் பக்கம் போயிருவேன்.”

ஆனால் செல்லாயி விடவில்லை. வேலைக்குப் போகும் அளவுக்கு உடம்பு தேறாததால் நாள் முழுவதும் பிள்ளையோடுதான் இருந்தாள். அவளே மா கலக்கினாள், அவளே தோளில் போட்டாள், அவளே கக்கியதைத் துடைத்தாள். கொஞ்ச நாள் கழித்து அவள் பிள்ளையோடு கடைக்கு வந்தாள். அவன் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தான். நான் வழக்கம்போல் கையை நீட்டினேன். என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு அவள் பக்கமே சாய்ந்துகொண்டான்.

செல்லாயிக்கு வெட்கமாகப் போய்விட்டது. “நானாகிட்டப் போடா” என்று முன்னால் தள்ளினாள்.

“வேணாம்மா, இருக்கட்டும்” என்றேன். எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் பக்கத்திலேயே இருந்தாள், பிள்ளை அவளுக்குத் திரும்பக் கிடைத்தான். வேறு எந்த வித்தையும் அதில் இல்லை.

7

அனுமதி கைக்கு வந்து, கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் பிடித்து, நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது மரியம் நடந்துகொண்டிருந்தாள். வாசலில் வெயிலில் கோழிக்குப் பின்னால் ஓடினாள். என்னைக் கண்டதும் நின்றாள். பிறகு வீட்டுக்குள் ஓடி, கதவுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள்.

“அத்தாடி, ஒங்க அத்தா” என்று சுபைதா அவளை முன்னால் இழுத்தாள். எங்கள் ஊரில் தகப்பனை அத்தா என்போம். பிள்ளை வரவில்லை. நான் கொண்டுபோன பொம்மையைத் தரையில் வைத்துவிட்டு நகர்ந்த பிறகு வந்து எடுத்துக்கொண்டாள்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவளுக்கு வயிற்று வலி. எதையோ தின்றிருக்கிறாள். வயிறு உப்பி, அழுகை நிற்கவில்லை. சுபைதா அடுப்பில் வேலையாக இருந்தாள். எனக்குத் தெரிந்த விஷயம் இது ஒன்றுதான் என்று ஆசையோடு போய் அவளைத் தூக்கித் தோளில் போட்டேன். கீழிருந்து மேலே முதுகைத் தடவினேன். அழுகை அலறலாகிவிட்டது. உடம்பை வில்லாக வளைத்து, இரண்டு கையாலும் என் மார்பைத் தள்ளிக்கொண்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

சுபைதா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “குடுங்க இப்படி” என்று வாங்கிக்கொண்டாள். அவள் கைக்குப் போனதும் அழுகை விம்மலாகத் தணிந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னாள்: “நீங்க தூக்குனது சரிதாங்க. பழகாத கை, அதான் பயப்படுது.”

அவள் ஒரு தப்பும் சொல்லவில்லை. மலையில் ஒரு பிள்ளையிடம் கற்றுக்கொண்ட கை அது. இங்கே வந்து சேர்ந்தபோது பிள்ளை அதற்குப் பெரிதாகிவிட்டாள். விடுமுறை முடிகிற நேரம் அவள் என் மடியில் உட்காரத் தொடங்கியிருந்தாள். அப்போது கப்பலேற வேண்டியதாயிற்று. அடுத்து போனபோது மறுபடி கதவுக்குப் பின்னால் இருந்து ஆரம்பித்தோம்.

8

தோட்டத்து ஆட்களில் யார் இந்தியாவுக்கு, யார் இலங்கைக்கு என்று இப்போது இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பதை நீங்களும் பேப்பரில் படித்திருப்பீர்கள். என்னைப் போன்ற வியாபாரிகளின் அனுமதி இனி நீடிக்காது என்று தெரிந்துவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு வரும் வருஷம் ஊருக்கே வந்துவிடலாம் என்று இருக்கிறேன்.

கதிர்வேலு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பெஞ்சில் உட்காருகிறான். அவன் குடியுரிமைக்குப் போட்ட மனு தள்ளுபடியாகிப் பல காலம் ஆகிறது. பிறந்ததும் வளர்ந்ததும் இந்த மலை. அவனுக்கு மூன்று பிள்ளைகள் ஆகிவிட்டார்கள். அங்கம்மா வேலையை விட்டுவிட்டாள். இந்தியாவுக்கென்று எழுதிக் கொடுப்பதா, இங்கேயே இருக்க மறுபடி கேட்டுப் பார்ப்பதா என்று வீட்டில் தினமும் பேச்சாம்.

“எங்க தாத்தா ஊரு துறையூர்ப் பக்கமாம் நானா. அங்க போனா எங்கள யாருக்குத் தெரியும்? நீங்க சொல்லுங்க, ஊருக்குத் திரும்பிப் போறது எப்பிடி இருக்கும்?”

எனக்குத் தெரியும் என்று நினைத்துத்தான் கேட்கிறான். “வெயில் அதிகம்ப்பா, அதுதான் முதல்ல கஷ்டமா இருக்கும்” என்று சொல்லிவைத்தேன்.

கடைசியாக ஊருக்குப் போனது இரண்டு வருஷத்துக்கு முன். அனுமதி இனி நீடிக்காது என்ற பேச்சு அப்போதே இருந்தது. மரியம் பள்ளிக்கூடம் போகிறாள். நன்றாகப் படிக்கிறாள், மரியாதை தெரிந்த பிள்ளை. நான் வந்தால் எழுந்து நிற்பாள், சோறு வைக்கும்போது தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். வந்திருக்கும் உறவுக்காரர் யாருக்கும் அப்படித்தான் செய்வாள். எங்கள் வீட்டில் ஓர் உள்ளறைதான். அதில் சுபைதாவும் மரியமும் படுப்பார்கள். நான் போகிற நாட்களில் மரியம் அடுத்த வீட்டுப் பெரியம்மாவிடம் போய்ப் படுத்துக்கொள்வாள். அது அவளுக்கு வழக்கமாகிவிட்டது.

கிளம்புவதற்கு முதல் நாள் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னேன். “அடுத்த தடவை அத்தா வந்தா திரும்பிப் போகவே மாட்டேன். இங்கயேதான் இருப்பேன்.”

சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் யோசித்தாள். உள்ளறைப் பக்கம் ஒரு முறை பார்த்தாள். பிறகு பணிவாகவே கேட்டாள்:

“அப்படின்னா, நான் எங்க படுக்கிறது அத்தா?”

உள்ளேயிருந்த சுபைதா சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். மரியம் சிரிக்கவில்லை. நான் என்ன சொல்லப் போகிறேன் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.